நிமிடத்துக்கு 1,000 சொற்கள் படிக்க முடியுமா? 'ஸ்பீட் ரீடிங்' பயிற்சிகளில் எது உதவும், எது உதவாது?

"15 நாள்ல உங்க வாசிப்பு வேகம் 5 மடங்கு ஆகும்!" ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். மேசை நிறைய புத்தகம், தேர்வுக்கு மூன்றே மாதம் என்று உட்கார்ந்திருக்கும் ஒரு டி.என்.பி.எஸ்.சி. மாணவருக்கு இதைவிட ஆசை காட்டும் வரி வேறு கிடையாது.

அப்போ, உண்மையிலேயே நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சொற்கள் படிக்க முடியுமா? அந்த வேகத்தில் கண்ணை ஓட்டலாம். ஆனால் படித்தது புரிந்திருக்காது. அதே நேரம், இப்போது படிப்பதைவிட கொஞ்சம் வேகமாக, புரிந்து படிக்க யாராலும் பழக முடியும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு, அப்புறம் பணம் கட்டலாமா என்று யோசியுங்கள்.

எங்கே தொடங்கியது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆசிரியராக இருந்த எவலின் உட், 1959-ல் 'ரீடிங் டைனமிக்ஸ்' என்ற பெயரில் வகுப்புகளைத் தொடங்கினார். பக்கத்தின் மேல் கையை வேகமாக நகர்த்தி, கண்ணை அதன் பின்னாலேயே ஓட விடுவது அவருடைய முறை. சொற்களை ஒவ்வொன்றாக இல்லாமல் கூட்டமாகப் பிடிக்கணும், மனசுக்குள் உச்சரிக்கக் கூடாது, திரும்பிப் போய்ப் படிக்கக் கூடாது. இன்று யூடியூபில் வரும் பாடங்களில் பலவும் இதேதான். பழைய கள், புது மொந்தை.

அதிபர் கென்னடி நிமிடத்துக்கு 1,200 சொற்கள் படிப்பார் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஜிம்மி கார்ட்டர் 1977-ல் வெள்ளை மாளிகையிலேயே எவலின் உட் முறையில் வகுப்பு வைத்துப் படித்தார். அதிபர்களே சேர்ந்த பிறகு தனியாக விளம்பரம் வேறு வேண்டுமா?

கண் எப்படிப் படிக்கிறது?

ஒரு சின்ன சோதனை. இப்போது உங்கள் மொபைலில் தெரியும் ஏதாவது ஒரு வரியின் முதல் சொல்லை மட்டும் உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல், அதே வரியின் கடைசிச் சொல் என்ன என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்பது தெரியாது.

காரணம், நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை முழுசாக நீட்டினால் கட்டை விரல் எவ்வளவு அகலம் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டே போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஒரு இடத்தில் நிற்கும், அடுத்த இடத்துக்குக் குதிக்கும், மறுபடி நிற்கும். பிரான்சில் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்த விஷயம் இது.

ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் நொடி. ஒரு நொடிக்கு 4 நிறுத்தம் என்றால் நிமிடத்துக்கு 240. ஒரு நிறுத்தத்துக்கு ஏறக்குறைய ஒரு சொல் என்று வைத்தால், நிமிடத்துக்கு 240 சொற்கள். இது வெறும் மனக்கணக்கு இல்லை. பெல்ஜியம் ஆய்வாளர் மார்க் பிரிஸ்பெர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆங்கிலத்தில் கட்டுரை வகை எழுத்தை மனசுக்குள் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள். கதை என்றால் 260.

ஆயிரம் சொற்களைத் தொடணும் என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு சொற்களைத் தெளிவாகப் பார்த்து, புரிந்துகொண்டு நகரணும். கண் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கண்ணைவிடப் பெரிய தடை மூளை. சொல்லை அடையாளம் கண்டு, முன்னால் வந்ததோடு சேர்த்து அர்த்தம் பண்ணிக்கொள்ள அதற்கும் நேரம் வேணும்.

அப்போ அந்த வேகப் புலிகள்?

மார்செல் ஜஸ்ட், பேட்ரிசியா கார்பென்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1980-களில் இதைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற வேக வாசகர்கள் (நிமிடத்துக்கு சுமார் 700 சொற்கள்), எந்தப் பயிற்சியும் இல்லாமல் மேலோட்டமாகப் புரட்டச் சொல்லப்பட்டவர்கள் (சுமார் 600), சாதாரணமாகப் படிப்பவர்கள் (சுமார் 240) என மூன்று குழு. எளிதான கட்டுரையின் மையக் கருத்தைச் சொல்வதில் வேக வாசகர்கள் சும்மா புரட்டியவர்களைவிட லேசாக முந்தினார்கள். விவரங்களைக் கேட்டபோதும், கடினமான கட்டுரையைக் கொடுத்தபோதும் அந்த முன்னிலை இல்லாமல் போனது. சாதாரண வேகத்தில் படித்தவர்கள்தான் இரண்டு குழுவையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

1983-ல் டொனால்ட் ஹோமா என்ற ஆய்வாளர், நிமிடத்துக்கு 15,000 சொற்களுக்கு மேல் படிப்பதாகச் சொன்ன இரண்டு பேரைச் சோதித்தார். பக்கத்தைப் புரட்டுவதில் கெட்டிக்காரர்கள் என்பதற்கு மேல் அவர்களிடம் எதுவும் இல்லை என்று கொஞ்சம் கிண்டலாகவே எழுதி முடித்தார்.

2014-ல் 'ஸ்பிரிட்ஸ்' என்ற செயலி பரபரப்பானது நினைவிருக்கலாம். திரையில் ஒவ்வொரு சொல்லாக ஒரே இடத்தில் மின்னி மறையும், கண்ணை நகர்த்தவே வேண்டாம். பிரச்னை என்னவென்றால், புரியாத இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. சாதாரணமாகப் படிக்கும்போது 10-ல் ஒரு தாவலாவது பின்னோக்கித்தான் போகிறது. இது கெட்ட பழக்கம் இல்லை, குழப்பத்தைச் சரிசெய்யும் வேலை. அதே ஆண்டில் கீத் ரெய்னர் உள்ளிட்டோர் நடத்திய சோதனையில், திரும்பிப் பார்க்க வழியில்லாமல் செய்தபோது புரிதல் குறைந்தது.

மனசுக்குள் கேட்கும் குரலை நிறுத்தணுமா?

வேண்டாம். கடினமான வாக்கியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்தக் குரல்தான் உதவுகிறது. ஆனால் உதடு அசைந்தால், முணுமுணுப்பு வந்தால் அதை விட்டுவிடலாம். பிரிஸ்பெர்ட் கணக்கில் வாய்விட்டுப் படிக்கும் வேகம் 183 சொற்கள்தான். 238-ஐ விட்டுவிட்டு ஏன் 183-ல் நிற்கணும்?

சரி, எதைத்தான் செய்வது?

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். இதுவரை பார்க்காத ஒரு புத்தகத்தில் 5 நிமிடம் டைமர் வைத்து வழக்கம்போல் படியுங்கள். 10 வரியில் எத்தனை சொற்கள் என்று எண்ணி, ஒரு வரிக்குச் சராசரி எடுத்து, படித்த வரிகளால் பெருக்கி 5-ஆல் வகுத்தால் வேகம் கிடைக்கும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததில் 5 விஷயங்களை எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தமிழில் படித்தால் எண்ணிக்கை குறைவாக வரும், பயப்பட வேண்டாம். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேணும். ஆகவே 238 என்ற ஆங்கிலக் கணக்கோடு ஒப்பிடாமல், உங்கள் போன மாத வேகத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நிறைய பேர் பயிற்சிக்குக் கடினமான புத்தகத்தை எடுத்துவிடுகிறார்கள். வேகப் பயிற்சிக்கு எளிதான எழுத்துதான் சரி. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் பால் நேஷன், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு வலியுறுத்துவதும் இதுதான்: தெரியாத சொல்லே இல்லாத சிறு பகுதிகள், நேரம் பார்த்துப் படிப்பது, உடனே கேள்விகளுக்குப் பதில் சொல்வது. தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அவர்களை நிறுத்துவது பெரும்பாலும் கண் இல்லை, தெரியாத சொல். ஒரு பாடத்தின் 50 கலைச்சொற்களை முதலில் பழகிவிட்டு அந்தப் பாடத்தைத் திறந்து பாருங்கள், வேகம் தானாக ஏறும்.

இன்னொன்று, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பது. ஒரு பக்கத்தை எடுத்து, தடங்கல் இல்லாமல் வரும் வரை மூன்று நான்கு முறை. எஸ். ஜே. சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1979-ல் எழுதிய முறை இது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் புதிய மொழி கற்பவர்களுக்கும் நல்ல பலன் தருகிறது. தினமும் 10 நிமிடம் போதும்.

விரலையோ பென்சிலையோ வரிக்கு அடியில் வைத்து நகர்த்தலாமா? தாராளமாக. வரி தவறாது, கவனம் சிதறாது. வேகம் மூன்று மடங்காகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நேரமே இல்லாதபோது மேலோட்டமாகப் புரட்டுவது தப்பில்லை, அது ஒரு தனித் திறமை. தலைப்பு, உள்தலைப்புகள், ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, கடைசிப் பத்தி. இதைப் பார்த்துவிட்டு எந்த இடத்தை முழுசாகப் படிக்கணும் என்று முடிவு செய்யலாம். நாளிதழுக்கும் நீண்ட அறிக்கைக்கும் இது சரி. வங்கிக் கடன் பத்திரம், வாடகை ஒப்பந்தம் என்றால் வேண்டவே வேண்டாம்.

தேர்வு அறையில்?

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடிகள். கேள்வியை வேகமாகப் படித்து இரண்டு நொடி மிச்சம் பிடிக்கலாம். ஆனால் 'பின்வருவனவற்றுள் தவறானது எது?' என்பதில் 'தவறானது' கண்ணிலிருந்து தப்பிவிட்டால், பதில் தெரிந்த கேள்வியிலேயே மதிப்பெண் போகும். பொருந்தாதது, அல்ல, தவிர போன்ற சொற்களைப் பென்சில் முனையால் தொட்டுப் படிக்கும் பழக்கத்தை மாதிரித் தேர்விலேயே கொண்டு வாருங்கள். வேகம் தேவைப்படுவது தயாரிப்பில், அதுவும் ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்க்கும்போது. தெரிந்த விஷயம் என்பதால் அங்கே வேகம் இயல்பாகவே கூடும்.

பயிற்சி செய்தும் வேகம் கூடவில்லையா?

40 வயதைத் தாண்டியவர் என்றால் வெள்ளெழுத்தாக இருக்கலாம், கண் மருத்துவரைப் பார்த்து ஒரு கண்ணாடி வாங்கினாலே பாதிப் பிரச்னை தீரும். மற்றதில் எல்லாம் சுட்டியாக இருக்கும் பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிப்பதில் மட்டும் தொடர்ந்து திணறினால் அது சோம்பேறித்தனம் இல்லை. டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அந்தப் பிள்ளையை வேக வாசிப்பு வகுப்பில் சேர்க்காமல், கண் பரிசோதனைக்குப் பிறகு குழந்தைகள் நல மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ காட்டுங்கள். டிஸ்லெக்சியா என்று சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் வழி இருக்கிறது. எப்படி விண்ணப்பிப்பது என்பதைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.