டிராவல், ஜர்னி, வாயேஜ், ட்ரிப் - என்ன வித்தியாசம்?

நாம் எல்லாவற்றையும் 'பயணம்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இத்தனை சொற்கள்? பதில் வரலாற்றில் இருக்கிறது நண்பர்களே.

1066-ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன்பின் ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. இந்த நான்கும் பிரெஞ்சு வழியாக வந்தவைதான்.

பிரெஞ்சில் 'ஜூர்' என்றால் நாள். ஒரு நாளில் கடக்கும் தூரம்தான் முதலில் ஜர்னி. நாள் கூலிக்கு உழைத்தவர் 'ஜர்னிமேன்'. காமர்ஸ் மாணவர்கள் போடும் ஜர்னல் என்ட்ரியும் இதே வேர்தான்!

'டிராவல்' வந்தது கடும் உழைப்பு, வேதனை என்று பொருள்படும் சொல்லிலிருந்து. அதற்கும் மூலம், மூன்று கழிகளால் ஆன ஒரு வதைக்கருவியின் லத்தீன் பெயர் என்று கருதப்படுகிறது. அந்தக் காலத்தில் ஊர்விட்டு ஊர் போவது அவ்வளவு சிரமம்.

'வாயேஜ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு வழிச்செலவு, வழியுணவு என்று பொருள். நம்ம ஊர் கட்டுச்சோறு மாதிரி. 'ட்ரிப்' என்றால் முதலில் துள்ளி நடப்பது.

இன்று பொதுவாகப் பயணம் செய்வது டிராவல். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது ஜர்னி. நெடுந்தூரக் கடல், விண்வெளிப் பயணம் வாயேஜ். போய்விட்டுச் சீக்கிரம் திரும்பினால் ட்ரிப்.

வேதனை என்ற பொருள் மறைந்து, 'டிராவல்' இன்று பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. சாலையும் ரயிலும் வந்ததன் பலன் அது.