உடுவில் வளவில் ஒரு குடும்பம்

எமது பாடசாலையை 1824ஆம் ஆண்டில் தொடங்கியவர் ஹரியற் வின்சிலோ அம்மையார் என்பது எம்மில் எவரும் மறவாத பாடம். ஆனால் அவரும் கணவர் மைறன் வின்சிலோ போதகரும் உடுவிலில் எப்படிச் சீவித்தார்கள் என்று நாம் அதிகம் விசாரித்ததில்லை.

1819 சனவரியில் திருமணம். அதே ஆண்டு யூன் 8ஆம் திகதி பொஸ்ரன் துறைமுகத்தில் 'இண்டஸ்' என்னும் பாய்க்கப்பலில் பயணம். ஹரியற்றுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஸ்போல்டிங், உட்வேட், ஸ்கடர் தம்பதிகளும் கூட வந்தனர். கல்கத்தாவில் இறங்கி, பின் இலங்கை சேர்ந்து, 1820இல் உடுவிலுக்குக் குடிவந்தார்கள். போர்த்துக்கேயர் காலத்துப் பழைய கோயிலும் பாழடைந்த வீடுமே அவர்களுக்குக் கிடைத்த இடம்.

அக்காலத்தில் ஆங்கில அரசு அமெரிக்கர் மேலும் வருவதை விரும்பவில்லை. 1820இல் அச்சடிக்க வந்த ஜேம்ஸ் கரற் என்பவரே நாட்டை விட்டுப் போகும்படி பணிக்கப்பட்டார். ஆகவே 1833 வரை புது ஆட்கள் வரவில்லை. முன்னர் வந்த சில குடும்பங்களே தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று ஐந்து இடங்களையும் தாங்க வேண்டியதாயிற்று. கணவர் ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் புறப்பட்டால் வளவு முழுதும் மனைவியின் பொறுப்பு. தமிழ் படிப்பது, நோயாளரைப் பார்ப்பது, தம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் வளர்ப்பது எல்லாம் ஒரே வீட்டில் நடந்தன.

பெண்பிள்ளை எழுத்துப் படிப்பதை இகழ்ச்சியாக எண்ணிய காலம் அது. தையல் பழக வந்த இரு சிறுமிகள் ஒருநாள் மழையினால் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டில் தங்கிச் சோறு உண்டார்கள் என்றும், அதன் பின் அங்கேயே விடப்பட்டார்கள் என்றும் எம்மிடையே ஒரு கதை உண்டு. சொல்பவரைப் பொறுத்து அது சற்று வேறுபடும். மழை பெரிய விடயமல்ல. சோறுதான் பெரிய விடயம். பிறர் கையால் உண்டால் ஊரும் உறவும் என்ன சொல்லும் என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்த எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளை விட்டுச் சென்ற பெற்றோரும் துணிந்தவர்களே. அவர்களைப் பாராட்டி இதுவரை எவரும் ஒரு கல் நாட்டவில்லை. படிப்பு முடியும்வரை பிள்ளையை நிறுத்தி வைப்பதற்காகச் சீதனமும் மிஷனே கொடுத்தது. அறிவுக்கு ஆசைப்பட்டு மட்டும் பிள்ளைகள் வந்தார்கள் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது.

ஊர்ப் பிள்ளைகளைத் தம்மோடு வைத்திருந்த இத்தம்பதியர் தம் மூத்த மகன் சாள்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டனர். உடுவிலில் வளரும் பிள்ளைக்கு அமெரிக்கக் கல்வி எப்படி வாய்க்கும் என்ற கவலை மிஷன் குடும்பங்கள் யாவற்றுக்கும் இருந்தது. சாள்ஸ் 1832 மே மாதம் நியூயோர்க்கில் இறந்தான். வயது பதினொன்று. கடிதம் ஒன்று கடல் கடக்கப் பல மாதமாகும் காலம். தாயும் தகப்பனும் அருகில் இல்லை. அதன்பின் எட்டு மாதம் நிறையுமுன், 1833 சனவரி 14ஆம் திகதி, ஹரியற் உடுவிலில் காலமானார். முப்பத்தாறு வயது. அவர் எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்துக் கணவர் 1835இல் நூலாக்கினார்.

தங்கையர் மூவரும் பின்னர் இதே ஊழியத்துக்கு வந்தனர். அம்மாவின் பெயரையே தாங்கிய மகளும் வளர்ந்து மிஷனரி ஒருவரை மணந்து சென்னைக்கு வந்தார். பின்னாளில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராயிருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் அம்மகளின் பேரனாவார். உலக அரசியல் படித்த எம் பழைய மாணவியர் பலர் இதை அறிந்திருக்கமாட்டார்கள்.

மைறன் வின்சிலோ 1836இல் சென்னை சென்றார். நைற் ஐயர் நல்லூரில் தொடங்கிவைத்த அகராதி வேலையைப் பண்டிதர் பலரின் துணையுடன் முடித்து, 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் 1862இல் வெளியிட்டார். அகராதியை 'வின்சிலோ' என்றே இன்றும் சொல்கிறோம். உழைத்த பண்டிதர்கள் முகவுரைக்குள் தங்கிவிட்டனர். இரு ஆண்டுகளின் பின் தாயகம் திரும்பும் வழியில், நன்னம்பிக்கை முனையில் அவர் உயிர் பிரிந்தது.

உடுவில் வளவு லீவை, மேரி ஸ்போல்டிங் தம்பதியரிடம் வந்தது. இண்டஸ் கப்பலில் ஒன்றாக வந்தவர்கள் இவர்கள். 1840இல் எலைசா அக்னியூ அம்மையார் பாடசாலையைப் பொறுப்பேற்ற பின்னும் உடுவிலிலேயே இருந்தார்கள். லீவை ஸ்போல்டிங் 1873இல் உடுவிலில் இறந்தார்.

இனி எமது வேண்டுகோள். அந்நாளில் பிள்ளையின் செலவைத் தாங்கிய அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கம். சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனது இவ்வாறே. எமது முதல் மாணவியர் பலரும் இப்படித்தான் பெயர் மாறினர். அதனால் ஏடுகளில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக அவர்கள் இருந்தார்கள். உங்கள் பூட்டிமாரில் ஒருவர் உடுவிலில் படித்திருந்தால், தாய் தகப்பன் அவரைக் கூப்பிட்ட பெயரைக் குடும்ப வேதாகமத்திலோ பழைய உறுதியிலோ தேடிப் பார்த்து எமக்கு எழுதி அனுப்புங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் போதும்.