குடல் அறுவைக்குப் பிந்தைய இறப்பு இடர்க் கணிப்பு

குடலில் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர், பெரும்பாலும் முதல் 30 நாட்களுக்குள், உயிரிழக்கும் வாய்ப்பை எண்ணால் மதிப்பிடும் முறை.

தொடக்கத்தில் இம்மதிப்பீடு அறுவை மருத்துவரின் அனுபவத்தையே நம்பியிருந்தது. 1910-களில் பாஸ்டன் நகரின் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியின் முடிவையும் பின்தொடர்ந்து பதிய வேண்டும் என்று வற்புறுத்தினார். 1941-இல் சக்லாட் உள்ளிட்ட அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் நோயாளியின் உடல்நிலையைத் தரம் பிரித்தனர். அறுவையின் இடரைக் கணிப்பது அவர்களின் நோக்கமன்று, ஆயினும் அதன் வழிவந்த ஏ.எஸ்.ஏ. (அமெரிக்க மயக்கவியலாளர் சங்க) தரம் இடர்க்குறியாகவே வழங்குகிறது.

1980-களில் ஜெர்மனியில் உருவான மான்ஹைம் குறியீடு, வயிற்றறைச் சவ்வு அழற்சிக்கு உரியது. வயிற்றில் மலம் கலந்திருந்தால் 12 புள்ளி, சீழ் என்றால் 6. பெண்ணாக இருப்பதற்கும் 5 புள்ளி உண்டு. குடலில் ஓட்டை விழுந்து வருபவர்களைப் பற்றிய இந்திய ஆய்வுகளில் இக்குறியீடு அடிக்கடி எடுத்தாளப்படுகிறது.

1991-இல் இங்கிலாந்தில் கோப்லண்ட், ஜோன்ஸ், வால்டர்ஸ் ஆகியோர் வெளியிட்ட பொஸம் அளவைமுறை பற்றி இத்துறையில் மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. வயது, நாடித்துடிப்பு, யூரியா, சோடியம் முதலிய 12 உடலியல் கூறுகளும், இரத்த இழப்பு, புற்றுநோய், அவசரநிலை முதலிய 6 அறுவைக் கூறுகளும் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1, 2, 4, 8 என்ற வரிசையில் புள்ளி. இரத்த இழப்பு 100 மி.லி.க்கு உட்பட்டால் 1, ஒரு லிட்டரை எட்டினால் 8. உறிஞ்சுக் குடுவையையும் நனைந்த துணிகளையும் பார்த்து இடப்படும் இக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கைத்திறன் குறைந்தவர் சிந்தவிட்ட இரத்தமும் நோயாளியின் இடராகவே பதிவாகும். கணிக்கப்பட்ட இறப்பு உயர, மருத்துவரின் கணக்கு நன்றாகத் தெரியும் என்ற விமர்சனமும் எழுந்தது. மேலும், அறுவை முடியாமல் மொத்தப் புள்ளியைக் கூட்ட இயலாது. பொஸம் தணிக்கைக்காக உருவானதால் இதைக் குறை என்பது முழுதும் பொருந்தாது.

எல்லாக் கூறுகளிலும் 1 மட்டுமே பெறுபவருக்கும் பொஸம் சூத்திரம் 1.08% இறப்பு வாய்ப்பைத் தரும். நல்ல உடல்நலத்துடன் குடலிறக்கத்துக்கு வரும் இளைஞருக்கு இது மிகை. தவறு சூத்திரத்தில் இருந்ததா, அதைப் பிறர் கையாண்ட முறையில் இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. போர்ட்ஸ்மவுத் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் அதே புள்ளிகளைக் கொண்டு வேறு சமன்பாடு அமைத்தனர். அதில் கீழெல்லை ஏறத்தாழ 0.2%. 2004-இல் டெக்கிஸ் முதலியோர் பெருங்குடல், மலக்குடல் அறுவைக்கென உருவாக்கிய பொஸம் வடிவம் 18 கூறுகளை 10 ஆகக் குறைத்தது. இரத்த இழப்பு அதில் விடுபட்டது. இவற்றுள் எது துல்லியம் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் இணையவழிக் கணிப்பான் 2013-இல் வெளிவந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவசர வயிற்றறுவைகளைப் பதியும் தேசியத் தணிக்கை அதே ஆண்டின் இறுதியில் தரவு திரட்டத் தொடங்கியது. தொடக்கத்தில் ஏறத்தாழ 11% ஆக இருந்த 30 நாள் இறப்பு பின்னர் 9% அளவுக்கு இறங்கியது. இத்தரவிலிருந்து எழுந்த கணிப்பு மாதிரி 2018-இல் வெளியானது. கணிப்பு 5 விழுக்காட்டை எட்டினால் மூத்த மருத்துவர்கள் அறுவை அரங்கில் இருக்க வேண்டும் என்பது அங்கு எதிர்பார்ப்பு.

முதுமைத் தளர்ச்சியைச் சேர்க்கும் முயற்சிகளும் இயந்திரக் கற்றல் மாதிரிகளும் அண்மைக் காலத்தவை. மேற்கண்ட அளவைமுறைகள் பெரும்பாலும் அறுவைக்கு உட்பட்டவர்களின் பதிவுகளிலிருந்தே பிறந்தவை; கத்தி வைக்காமலே விடப்பட்டவர்கள் அவற்றில் இல்லை.