விட்டவர் ஏன் திரும்புகிறார்?

குடியை விட்ட ஒருவர் ஆறு மாதம் கழித்து மறுபடியும் குடித்தால் நாம் என்ன சொல்வோம்? "மனசுல உறுதி இல்லை", "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நானும் அப்படிச் சொன்னவன்தான். நான் படிப்பது வணிகவியல், மூளைக்கும் என் பாடத்திட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் விடை தேடிய வரலாற்றைப் படித்த பிறகு என் தீர்ப்பு ஆட்டம் கண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1935இல் அமெரிக்க அரசு கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் ஒரு பெரிய இடத்தைத் திறந்தது. பாதி சிறை, பாதி மருத்துவமனை, கூடவே ஒரு பண்ணை. போதைக்கு அடிமையானவர்களை ஊரைவிட்டுப் பிரித்து அங்கே வைத்துச் சிகிச்சை தந்தார்கள். உடலில் இருந்த போதை முழுக்க வெளியேறியது, நடுக்கம் நின்றது. குணமாகிவிட்டார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் அங்கிருந்து நியூயார்க் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து 1962இல் வெளியான ஆய்வு சொன்னது வேறு. 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி அடிமையாகியிருந்தார்கள்!

அடுத்து வியட்நாம் போர். அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெராயினுக்குப் பழகிவிட்டார்கள். 1971இல் அதிபர் நிக்சன் அரசுக்கு இது பெரிய பயமாகிவிட்டது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர், நாடு திரும்பிய சிப்பாய்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாக இருந்ததாகச் சொன்னார். அந்த அடிமைகளில், திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. பலரால் இதை நம்பவே முடியவில்லை.

இரண்டு கூட்டமும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணில் படுகிறது. லெக்சிங்டன்காரர்கள் போதைக்குப் பழகிய அதே தெருவுக்குத் திரும்பினார்கள். சிப்பாய்களோ போதைக்குப் பழகிய போர்க்களத்தை விட்டே வந்துவிட்டார்கள்.

அப்படியானால் திரும்ப இழுப்பது எது? இங்கேதான் யாவின் ஷஹாம் என்ற நரம்பியல் ஆய்வாளர் வருகிறார். கனடாவின் மான்ட்ரியல் நகரில், கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் ஜேன் ஸ்டூவர்ட்டுடன் சேர்ந்து அவர் செய்த சோதனை 1995இல் வெளியானது. எலிகள் ஒரு நெம்புகோலை அழுத்தினால் ஹெராயின் கிடைக்கும். பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். அழுத்தி அழுத்திப் பார்த்து, ஒன்றும் வராததால் எலிகள் விட்டுவிட்டன. அதன் பிறகு கால்களில் சிறிய மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். உடலில் போதை இல்லை, கண்முன்னும் போதை இல்லை. ஆனாலும் எலிகள் ஓடிப்போய் அந்த நெம்புகோலை மறுபடி அழுத்தத் தொடங்கின. மன அழுத்தம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

மூளையில் இதற்கு யார் பொறுப்பு என்று அடுத்துத் தேடினார்கள். அழுத்தம் வரும்போது மூளையில் வேலை செய்யும் சி.ஆர்.எஃப். என்ற பொருளைத் தடுத்தால், அதிர்ச்சி கொடுத்தாலும் எலிகளின் தேடல் குறைந்தது. சரி, மாத்திரை ரெடி என்று நினைத்துவிடாதீர்கள். அதே வழியில் செய்த மருந்துகளைக் குடிநோயாளிகளிடம் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மனிதன் எலியைவிடச் சிக்கலானவன்.

கதை அங்கே முடியவில்லை. 2018இல் மார்கோ வென்னிரோ, ஷஹாம் குழுவினர் எலிகளுக்கு இரண்டு நெம்புகோல்கள் வைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் போதைமருந்து. மற்றதை அழுத்தினால் கதவு திறக்கும், அந்தப் பக்கம் இன்னொரு எலி. போதைக்கு நன்றாகப் பழகியிருந்த எலிகள்கூடப் பெரும்பாலும் கதவைத்தான் திறந்தன. ஆனால் கதவு திறக்கத் தாமதமானாலோ, திறந்ததற்குத் தண்டனையாக அதிர்ச்சி கிடைத்தாலோ, போதைப் பக்கம் சாய்ந்தன.

எனக்கு மனதில் நின்றது இந்தக் கடைசி வரிதான். விட்டுவிட்டு வருகிறவருக்கு நாம் என்ன செய்கிறோம்? கல்யாண வீட்டில் தள்ளி உட்காருகிறோம், வேலை தர யோசிக்கிறோம், ஒவ்வொரு நாளும் சந்தேகமாகப் பார்க்கிறோம். கதவுக்குப் பின்னால் நாமே அதிர்ச்சியை வைத்துவிட்டு, அவர் பழைய நெம்புகோலுக்குப் போனதும் "அப்பவே சொன்னேன்ல" என்கிறோம்.

மன உறுதி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வீட்டில் அடிப்பவரின் குற்றம் குற்றம்தான், அதற்கு மூளையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. ஆனால் தெரிந்தவர் யாராவது மறுபடி விழுந்தால், "ஏன் குடிச்சே?" என்பதற்கு முன்னால் "இந்த வாரம் உனக்கு என்ன ஆச்சு?" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே!