25 சென்ட் போட்டோ: அலமாரி யாருடையது?

பச்சைப் புல்மேடு. மேலே நீல வானம். அங்கங்கே பஞ்சு மேகம். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டரைத் தொட்ட எல்லாருமே இந்தப் படத்தைப் பார்த்திருப்பீங்க. பிரவுசிங் சென்டர், பேங்க், ஆபீஸ்னு எங்கே போனாலும் அதுதான் கண்ணில் படும். கம்ப்யூட்டரிலேயே வரைஞ்ச படம்னு நினைச்சவங்களும் நிறைய.

நிஜமான போட்டோதாங்க அது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில், சார்லஸ் ஓரியர் என்ற போட்டோகிராபர் காரை ரோட்டோரம் நிறுத்திட்டு பிலிம் கேமராவில் எடுத்தது. பூச்சி விழுந்ததால் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த நேரம், அதனால்தான் மேடு முழுக்க வெறும் புல். மைக்ரோசாஃப்ட் 2000-ல் அந்தப் படத்தின் மொத்த உரிமையையும் வாங்கியது. தொகை எவ்வளவுன்னு ஓரியர் வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. எடுத்தார், ஏஜென்சியில் கொடுத்து வைத்தார், யாருக்கோ ஒருநாள் தேவைப்பட்டது. இதுதான் ஸ்டாக் போட்டோ. அளவெடுத்துத் தைக்கிற சட்டை இல்லை, ரெடிமேட் சட்டை.

இந்த ரெடிமேட் வியாபாரம் இணையத்துக்கு வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். நம்மை மாதிரி பொழுதுபோக்குக்குக் கேமரா பிடிக்கிறவங்களும் இதில் நாலு காசு பார்த்தோம் என்பதால் கதை நமக்கு ரொம்ப அந்நியமும் இல்லை :-)

பெட்டியோடு வந்தவர்

ஓட்டோ பெட்மான் பெர்லினில் நூலகத்தில் வேலை பார்த்தவர். யூதர் என்பதால் நாஜிகள் வேலையை விட்டுத் தூக்கினார்கள். 1935-ல் பெட்டி நிறையப் படங்களோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே பெட்மான் ஆர்க்கைவ் ஆரம்பம். பத்திரிகைக்காரர் வந்து "பழைய காலத்துப் பல் டாக்டர் படம் வேணும்" என்றால், வகை பிரித்து வைத்த இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், வாடகை வாங்குவார். கேமரா பிடித்து அல்ல, தேடினால் கிடைக்கிற மாதிரி அடுக்கி வைத்தே சம்பாதித்த மனுஷன்.

1995-ல் அந்தத் தொகுப்பை வாங்கியது பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம். அதற்குள் அதில் ஒரு கோடிக்கும் மேல் படங்கள் சேர்ந்திருந்தன. வீட்டுச் சுவரில் திரை இருக்கும், அதில் வேண்டிய ஓவியத்தையும் போட்டோவையும் வரவழைத்துப் பார்ப்பார்கள் என்ற கனவோடு கேட்ஸ் 1989-ல் தொடங்கிய கம்பெனி அது. அந்தக் கனவு பலிக்கலை, படத்தை வாடகைக்கு விடுகிற தொழில்தான் மிஞ்சியது.

அதே 1995-ல் இன்னொரு பணக்கார வீட்டுப் பிள்ளையும் இறங்கினார். எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜே. பால் கெட்டியின் பேரன் மார்க் கெட்டி. ஜொனாதன் க்ளைன் என்பவரோடு சேர்ந்து, டோனி ஸ்டோன் என்ற பெரிய ஏஜென்சியை வாங்கினார். இன்றைய கெட்டி இமேஜஸ் அங்கே தொடங்கியதுதான்.

வாடகையா, விலையா?

அதுவரைக்கும் ஒவ்வொரு உபயோகத்துக்கும் தனி வாடகை. எந்த நாட்டில், எத்தனை பிரதி, அட்டையிலா உள்ளேயா, எத்தனை மாசம்னு கேட்டுக் கேட்டு பில் போடுவார்கள். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் சர்வ சாதாரணம். அதில் பாதி போட்டோகிராபருக்குப் போவது வழக்கம். வருஷம் பத்துப் பதினைந்து படம் நல்லா ஓடினால் வீட்டு வாடகையைக் கவனித்துக் கொள்ளலாம்.

1991-ல் சியாட்டிலில் ஃபோட்டோடிஸ்க் என்ற கம்பெனி வந்தது. படங்களை சிடியில் போட்டு, "ஒரு தடவை காசு கொடு, அப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் உபயோகிச்சுக்கோ" என்றார்கள். ராயல்டி ஃப்ரீ என்பதற்கு இதுதான் அர்த்தம். நம்மாளுங்க நிறைய பேர் "இலவசம்"னு நினைச்சு எடுத்து ஒட்டுறாங்க. இலவசம் கிடையாது சாமி, ஒரே தடவை விலை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. யார் காசு கொடுத்தாலும் கிடைக்கும் என்பதால் போட்டிக் கம்பெனிகளும் ஒரே முகத்தை வாங்கும். 2004-ல் டெல், கேட்வே இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகளின் விளம்பரத்திலும் அதே பெண் சிரித்துக்கொண்டு நின்றார்! 1998-ல் ஃபோட்டோடிஸ்க்கும் கெட்டியோடு இணைந்துவிட்டது.

கால்கரியில் ஒரு பண்டமாற்று

2000-ல் கனடாவின் கால்கரி நகரில் ப்ரூஸ் லிவிங்ஸ்டன் ஐஸ்டாக்ஃபோட்டோவைத் தொடங்கினார். முதலில் அது வியாபாரமே இல்லை. டிசைனர்கள் தங்களுக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் இடம். நீ படம் கொடு, பதிலுக்கு நாலு படம் எடுத்துக்கோ. நம்ம ஊர்ல ஆரம்ப காலத்தில் தமிழ் எழுத்துருக்களைச் சும்மாவே பகிர்ந்துக்கிட்டாங்களே, அந்த மாதிரி மனசு.

ஆனா சர்வர்காரன் சும்மா விடுவானா? கூட்டம் கூடக் கூட பேண்ட்விட்த் பில் எகிறியது. சமாளிக்க, ஒரு படத்துக்கு 25 சென்ட் என்று விலை வைத்தார்கள். அந்த நாலணாதான் ஒரு தொழிலையே புரட்டிப் போட்டது.

2003-ல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் என்ற புரோகிராமர் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். தானே எடுத்த 30,000 படங்களைக் கடையில் அடுக்கிவிட்டு, மாசம் 49 டாலர் சந்தா என்றார். அடுத்தடுத்து ட்ரீம்ஸ்டைம், ஃபோட்டோலியா என்று கடைகள் முளைத்தன. டிஜிட்டல் கேமரா விலை இறங்கிய நேரமும் அதுதான். டீச்சர், டாக்டர், வீட்டிலிருக்கும் அம்மா என்று உலகம் பூரா ஆட்கள் படம் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

2006 ஜூனில் வயர்ட் பத்திரிகையில் ஜெஃப் ஹௌ ஒரு கட்டுரை எழுதினார். 'க்ரவுட்சோர்சிங்' என்ற வார்த்தையை ஊரறியச் செய்ததே அந்தக் கட்டுரைதான். அதில் வரும் முதல் உதாரணம் ஸ்டாக் போட்டோ. ஒரு மியூசியத்துக்குப் படம் வேண்டும். தொழில்முறை போட்டோகிராபர் தள்ளுபடி போட்டு 100, 150 டாலர் சொல்கிறார். அதே மாதிரிப் படம் ஐஸ்டாக்கில் சுமார் ஒரு டாலர். மியூசியம் எங்கே போகும்?

அதே வருஷம் பிப்ரவரியில் ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கிப் போட்டது யார் தெரியுமா? கெட்டியேதான்.

என் மிளகாய்க் கதை

2009 வாக்கில் நானும் ஒரு தளத்தில் சேர்ந்தேன். பேர் வேண்டாம். முதலில் பத்துப் படம் அனுப்பிப் பரீட்சை பாஸாகணும். கோபுரம் அனுப்பினேன், "புள்ளி தெரியுது" என்று திரும்பியது. மெரினா சூரியோதயம் அனுப்பினேன், "சூரியன் எங்ககிட்ட நிறைய இருக்கு" என்கிற அர்த்தத்தில் பதில்! கடைசியில் ஓடியது எது தெரியுமா? வெள்ளை சார்ட் பேப்பர் மேல் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த காய்ந்த மிளகாய். மொத்தம் 41 டவுன்லோடு, ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட். ஆக 10 டாலர் 25 சென்ட்.

அந்தத் தளத்தில் 75 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு மூணு வருஷம் பிடிச்சது. பணம் வந்த அன்னைக்கு வீட்டில் பிரியாணி. கேமரா வாங்கின காசைக் கணக்குப் பார்க்கலை, அது வேற சமாச்சாரம் ;-)

நான் ஏற்றாமலே வைத்திருக்கிற படமும் ஒண்ணு இருக்கு. எங்க தெருமுனைப் பூக்காரம்மா மல்லி கட்டும் படம். முகம் தெரிந்தால் அவங்க கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேணும். அம்மா கேட்டா போட்டுக் கொடுத்திருப்பாங்க. ஆனா அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் என்ன? அந்த முகம் எந்த நாட்டில், எந்த விளம்பரத்தில், எத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் அவங்களால ஒண்ணும் கேட்க முடியாது. வருமானம் எனக்கு, அவங்களுக்கு ஒண்ணுமில்லை. அதை எப்படி எடுத்துச் சொல்றதுன்னு தெரியலை, விட்டுட்டேன்.

ஹங்கேரியில் ஆன்ட்ராஷ் ஆராடோ என்ற இன்ஜினியர், ஒரு போட்டோகிராபர் கேட்டார்னு ஸ்டாக் படங்களுக்கு போஸ் கொடுத்தார். 'வலியை மறைக்கும் ஹெரால்ட்' என்று அவர் சிரிப்பை உலகமே கேலிப் படமாக்கிவிட்டது. அவர் அதை ஏத்துக்கிட்டு மேடையேறிப் பேசவும் செய்தார். எல்லாராலும் முடியுமா?

அலமாரிக்காரர்

இப்போ கணக்கைப் பாருங்க. 2008-ல் கெட்டி இமேஜஸ் 240 கோடி டாலருக்குக் கை மாறியது. 2012-ல் அதுவே 330 கோடி. அதே வருஷம் ஷட்டர்ஸ்டாக் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. 2014 டிசம்பரில் ஃபோட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்குவதாக அடோபி அறிவித்தது. 2016-ல் கார்பிஸின் படங்களை விஷுவல் சைனா குரூப் வாங்கியது. பெர்லினிலிருந்து ஒருத்தர் உயிர் தப்பிக் கொண்டுவந்த பெட்டி இப்படியே சியாட்டில் வழியா சீனக் கம்பெனி கைக்குப் போய்ச் சேர்ந்தது.

படம் எடுத்தவங்க கதை வேற. 2020 ஜூன் 1-ல் ஷட்டர்ஸ்டாக் கூலி முறையை மாற்றியது. 15-லிருந்து 40 சதவீதம் என்று படிநிலை, சில டவுன்லோடுகளுக்குக் கிடைப்பது வெறும் 10 சென்ட். அதோட, எவ்வளவு மேலே ஏறியிருந்தாலும் ஜனவரி 1 அன்னைக்கு எல்லாரும் மறுபடி அடிப்படியில். பரமபத ஆட்டத்தில்கூட பாம்பு கொத்தினால்தான் இறங்கணும், இங்கே காலண்டர் கிழிச்சாலே இறக்கம்! நிறைய பேர் எதிர்ப்பு தெரிவித்துத் தங்கள் படங்களை விற்பனையிலிருந்து நிறுத்தினார்கள். முறை மாறவில்லை.

இதற்கிடையில் 2013-ல் மாண்ட்ரியலில் அன்ஸ்பிளாஷ் தொடங்கி, படத்தை முழுசா இலவசமாகவே கொடுத்தது. லிவிங்ஸ்டன் தொடங்கின இடத்துக்கே வண்டி திரும்பி வந்த மாதிரி. 2021-ல் அதையும் கெட்டியே வாங்கியது.

கடைசி அத்தியாயம் செயற்கை நுண்ணறிவு. தன்னிடமிருந்த படங்களைப் பயிற்சிக்காக ஓப்பன்ஏஐ-க்கு உரிமம் கொடுத்த ஷட்டர்ஸ்டாக், படம் தந்தவர்களுக்குப் பங்கு கொடுக்க ஒரு நிதி வைப்பதாக 2022-ல் அறிவித்தது. அடோபி 2023-ல் ஃபயர்ஃப்ளை கொண்டுவந்தது, அதற்கும் தீனி அடோபி ஸ்டாக் படங்கள். அவர்களும் ஒரு போனஸ் தொகை கொடுத்தார்கள். கெட்டியோ, தன் படங்களைக் கேட்காமல் எடுத்ததாக ஸ்டெபிலிட்டி ஏஐ மேல் 2023-ல் வழக்குப் போட்டது. 2025 நவம்பரில் லண்டன் நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் ஸ்டெபிலிட்டிக்குச் சாதகமாகவே வந்தது. அந்த வருஷம் ஜனவரியிலேயே கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாக இணையப் போவதாக அறிவித்திருந்தார்கள்.

வெள்ளைப் பின்னணியில் காய்ந்த மிளகாய் வேணும்னா, இனிமே ஒரு வரி தட்டினால் போதும். அந்த மெஷின் மிளகாயைக் கற்றுக்கொண்டது நம்ம மாதிரி ஆட்களின் படங்களிலிருந்துதான்.

மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோணுறது இதுதான். 2000-ல் தொழில்முறை போட்டோகிராபர்கள் "அமெச்சூர் வந்து கெடுத்தான்" என்று திட்டினார்கள். இப்போ அமெச்சூர்கள் "மெஷின் வந்து கெடுத்துச்சு" என்கிறோம். என் 25 சென்ட் எனக்கு பிரியாணிக் காசு. அதே 25 சென்ட், எங்கேயோ ஒருத்தர் வீட்டு வாடகையில் விழுந்த துண்டு. ரெண்டும் உண்மை. ஆனா நாங்க ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு இருந்த இருபது வருஷமும் அலமாரியை வெச்சிருந்தவங்களுக்கு நஷ்டம் வந்ததா தெரியலை. படம் எடுக்கிறவன் மாறிக்கிட்டே இருக்கான். தேடினால் கிடைக்கிற மாதிரி அடுக்கி வைக்கிறவன் கையில்தான் சாவி. பெட்மானுக்கு அது 1936-லேயே தெரிஞ்சிருக்கு.

அதனால நான் இப்பவும் படம் எடுக்கிறேன், ஆனா ஒரு காப்பியை நானே பேர், ஊர், தேதி எழுதி வகை பிரிச்சு வைக்கிறேன். எங்க ஊர்த் தேர், பழைய பஸ் ஸ்டாண்டு, சந்தையில் மண்பானைக் கடை. நாளைக்கு "அந்தப் பஸ் ஸ்டாண்டு எப்படி இருந்துச்சு?"ன்னு யாராவது கேட்டா மெஷின் எதையாவது வரைஞ்சு கொடுத்துடும். இருந்தது எதுன்னு காட்ட ஒரு இழுப்பறை வேணும்ல?

உங்களில் யாராவது படம் விற்ற அனுபவம் இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. அதிகமா ஓடினது எந்தப் படம்னு தெரிஞ்சுக்க ஆசை.

டிஸ்கி: பிரியாணிக்கு நம்ம படத்து மிளகாயைப் போடலை. அது மூணு வருஷப் பழசு :-)