மோட்டார் சைக்கிள் சங்கிலித் தேய்மானம்

மோட்டார் சைக்கிள் சங்கிலித் தேய்மானம் என்பது, விசையுந்தின் பல்லிணைப் பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்கு ஆற்றலைக் கடத்தும் உருளைச் சங்கிலியிலும் அதனோடு இணைந்து இயங்கும் இரு பற்சக்கரங்களிலும் உராய்வினால் ஏற்படும் பொருளிழப்பைக் குறிக்கும். சங்கிலி, முன் பற்சக்கரம், பின் பற்சக்கரம் ஆகிய மூன்றும் சேர்ந்து பணிமனை வழக்கில் செயின் செட் எனப்படுகின்றன. இவற்றை உரிய காலத்துக்கு முன் மாற்றினால் பணம் வீணாகும். காலம் கடந்து மாற்றினால் ஓட்டத்தில் சங்கிலி கழன்றோ அறுந்தோ விபத்து நேரலாம். எனவே ஓடிய தொலைவை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், அளந்து பார்த்து முடிவு செய்வதே முறையாகும்.

அமைப்பு

உருளைச் சங்கிலி, உட்கண்ணிகளும் வெளிக்கண்ணிகளும் மாறி மாறி அமைந்த ஒரு தொடராகும். உட்கண்ணியில் இரு தகடுகளும், அவற்றை இணைக்கும் இரு புஷ்களும், புஷ்களின் மேல் சுழலும் இரு உருளைகளும் இருக்கும். வெளிக்கண்ணியின் இரு முளைகள் இந்தப் புஷ்களுக்குள் நுழைந்து கண்ணிகளை இணைக்கின்றன. அடுத்தடுத்த இரு முளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவு பிட்ச் எனப்படும்.

சங்கிலியின் மேல் பொறிக்கப்பட்டுள்ள மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம் பிட்ச் அளவைக் காட்டுகின்றது. 420, 428 ஆகியவற்றின் பிட்ச் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆகும். 520, 525, 530 ஆகியவற்றின் பிட்ச் 15.875 மி.மீ. ஆகும். பின்னிரு இலக்கங்கள் அகலத்தைச் சார்ந்தவை.

இவ்வகைச் சங்கிலிக்கு 1880 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஆன்சு இரெனால்டு காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டில் 1955 ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு புல்லட் வண்டிகளின் தயாரிப்பு தொடங்கியது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட எல். ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ் நிறுவனம் ரோலான் என்ற வணிகப் பெயரில் வாகனச் சங்கிலிகளைத் தயாரித்து வருகின்றது.

தேய்மானம் நிகழும் விதம்

சங்கிலி "நீண்டுவிட்டது" என்று கூறுவது வழக்கம். ஆயினும் தகடுகள் இழுபட்டு நீள்வது இதற்கு முதன்மைக் காரணம் அன்று. பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடங்கி நிமிர்கின்றது. அப்போது முளையும் புஷ்ஷும் ஒன்றின் மேல் ஒன்று உராய்ந்து தேய்கின்றன. ஓர் இணைப்பில் ஏற்படும் தேய்மானம் மிகச் சிறியதே. 428 வகைச் சங்கிலி 2% நீள்வதற்கு ஒவ்வோர் இணைப்பும் சராசரியாக ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். 110 கண்ணிகள் கொண்ட சங்கிலியில் இவ்வாறு சேரும் மொத்த நீட்சி ஏறத்தாழ 28 மி.மீ. ஆகும். சங்கிலி மேலும் கீழுமாக இரு பக்கம் ஓடுவதால், இந்தத் தொய்வை ஈடுசெய்யப் பின்சக்கர அச்சு அதில் பாதியளவு, அதாவது 14 மி.மீ. பின்னோக்கி நகர்த்தப்பட வேண்டும்.

பிட்ச் கூடிய சங்கிலியின் உருளைகள், பல்லின் அடிப்பள்ளத்தில் அமராமல் பல்லின் சரிவில் மேலேறி அமர்கின்றன. இதனால் சுமை சில பற்களின் மேல் மட்டும் குவிகின்றது. பற்கள் ஒருபக்கமாகத் தேய்ந்து கொக்கி வடிவம் பெறுகின்றன.

முன் பற்சக்கரம் சிறியதாகையால் விரைவில் தேய்கின்றது. எடுத்துக்காட்டாக, முன்னது 14 பற்களும் பின்னது 42 பற்களும் கொண்டிருப்பின், பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது முன் பற்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். முன் பல் ஒவ்வொன்றும் மூன்று மடங்கு தொடர்புக்கு உள்ளாகின்றது. மேலும் சங்கிலி முன்புறத்தில் 25.7 பாகை மடங்குகின்றது, பின்புறத்தில் 8.6 பாகையே மடங்குகின்றது.

சோதிக்கும் முறைகள்

எந்தச் சோதனையும் இயந்திரத்தை நிறுத்தி, வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றியே செய்யப்பட வேண்டும்.

1. நீளத்தை அளத்தல்: இதுவே நம்பத்தகுந்த சோதனை. சங்கிலியின் ஒரு பகுதியை இறுக்கமாக இழுத்துப் பிடித்து 21 முளைகளை எண்ண வேண்டும். முதல் முளையின் மையத்திலிருந்து கடைசி முளையின் மையம் வரை 20 பிட்ச் இருக்கும். சங்கிலி எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆகவே மூன்று நான்கு இடங்களில் அளந்து, மிகக் கூடிய அளவைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

12.7 மி.மீ. பிட்ச்: புதிதில் 254.0 மி.மீ.; 1% நீட்சியில் 256.5 மி.மீ.; 2% நீட்சியில் 259.1 மி.மீ.
15.875 மி.மீ. பிட்ச்: புதிதில் 317.5 மி.மீ.; 1% நீட்சியில் 320.7 மி.மீ.; 2% நீட்சியில் 323.9 மி.மீ.

எல்லை அளவு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். சிலர் 2% அளவை ஒட்டியும் சிலர் 1% அளவுக்கும் குறைவாகவும் எல்லை வகுத்துள்ளனர். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது.

2. பின்னிழுத்துப் பார்த்தல்: பின் பற்சக்கரத்தின் கடைக்கோடியில் சங்கிலியை விரலால் பின்னோக்கி இழுக்க வேண்டும். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளியே தெரியுமாயின் தேய்மானம் மிகுந்துள்ளது எனக் கொள்ளலாம். அளவுகோல் இல்லாதபோது இது பயன்படும்.

3. பற்களை நோக்குதல்: பற்களின் நுனி கூர்மையாகவோ, ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போன்றோ இருப்பின் பற்சக்கரத்தின் ஆயுள் முடிந்தது. முன் பற்சக்கரம் மூடிக்குள் மறைந்திருப்பதால் மூடியைக் கழற்றியே பார்க்க இயலும்.

4. இறுக்கமும் தளர்வும்: சக்கரத்தைச் சுழற்றும்போது சங்கிலி ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தொய்ந்தும் காணப்படின், தேய்மானம் சீரற்றது என்று பொருள். தொய்வை எப்போதும் மிக இறுகிய இடத்திலேயே அளக்க வேண்டும்.

5. கண்ணிகளின் நிலை: மடங்காமல் விறைத்து நிற்கும் கண்ணி, உடைந்த உருளை, ஆழ்ந்த துரு, ஓ வளையம் விடுபட்ட இணைப்பு ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் நீளம் எல்லைக்குள் இருப்பினும் சங்கிலியை மாற்ற வேண்டும்.

நாள்தோறும் பயன்படும் குறைந்த திறன் வண்டிகள் பலவற்றில் சங்கிலி முழுவதும் உறைக்குள் இருக்கும். உறை தூசியைத் தடுக்கின்றது. அதே வேளையில் தேய்மானத்தையும் மறைக்கின்றது. இத்தகைய வண்டிகளில் சங்கிலி உறையில் மோதும் ஓசையே பெரும்பாலும் முதல் அறிகுறியாகும். அவ்வோசை எழும்வரை காத்திராமல், உறையிலுள்ள இரப்பர் அடைப்பை நீக்கித் தொய்வைப் பார்ப்பதும், சேவையின்போது உறையைக் கழற்றி அளப்பதும் நன்று.

வட்டாரச் சூழலின் தாக்கம்

ஒரே வகைச் சங்கிலி வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காலம் உழைக்கின்றது. புதுக்கோட்டை மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1974 ஆம் ஆண்டில் உருவான இம்மாவட்டத்தின் உட்பகுதியில் செம்மண்ணும் சரளை மண்ணும் மிகுதி. மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. ஏனைய மாதங்களில் ஊரகச் சாலைகளிலும் கல் குவாரிகளை ஒட்டிய பாதைகளிலும் எழும் தூசி, எண்ணெய் பூசிய சங்கிலியில் ஒட்டி அரைக்கும் பசை போலச் செயல்பட்டு முளைகளைத் தேய்க்கின்றது. மழைக்காலத்தில் சேற்று நீர் மசகெண்ணெயைக் கழுவி விடுகின்றது.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் துரு விரைந்து பிடிக்கின்றது. இவ்விடங்களில் கண்ணிகள் நீள்வதற்கு முன்பே விறைத்துப் போவதுண்டு. தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டியின் சங்கிலியையும், வயல் வரப்புப் பாதையில் மூட்டையேற்றிச் செல்லும் வண்டியின் சங்கிலியையும் ஒரே கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவது பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

இம்மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். மிதிவண்டிச் சங்கிலியின் பிட்ச் அளவும் 12.7 மி.மீ. ஆகையால், மேற்கூறிய அளத்தல் முறை அதற்கும் பொருந்தும். ஆனால் மாற்ற வேண்டிய எல்லை பொதுவாக 0.75% முதல் 1% வரை எனக் கொள்ளப்படுகின்றது.

ஒருங்கே மாற்றுதல்

செலவைக் குறைக்கச் சங்கிலியை மட்டும் மாற்றுவது பரவலான வழக்கம். புதிய சங்கிலி சரியான பிட்ச் கொண்டது. பழைய பற்களோ நீண்ட சங்கிலிக்கேற்பத் தேய்ந்தவை. இரண்டும் பொருந்தாமையால் புதிய சங்கிலி விரைவில் கெடுகின்றது. அவ்வாறே பழைய சங்கிலி புதிய பற்சக்கரத்தைக் கெடுக்கின்றது. எனவே மூன்றையும் ஒருங்கே மாற்றுவதே இறுதியில் சிக்கனமாகும். பற்களின் எண்ணிக்கை மூல அளவிலேயே இருத்தல் வேண்டும். மாறினால் இழுவிசையும் வேகமும் எரிபொருள் செலவும் மாறும்.

சரிசெய்யும் திருகு கடைசி எல்லையை எட்டியபின் இரு கண்ணிகளை வெட்டி நீக்கிச் சங்கிலியைச் சுருக்குவதும் சில இடங்களில் காணப்படுகின்றது. இதனால் தொய்வு மட்டுமே மறைகின்றது. எஞ்சிய ஒவ்வோர் இணைப்பும் தேய்ந்த நிலையிலேயே இருப்பதால், சங்கிலி பல் தாண்டும் இடர் நீங்குவதில்லை. திருகு எல்லையை எட்டியதே மாற்ற வேண்டும் என்பதற்கான அறிகுறியாகும்.

பாதுகாப்பு

அறுந்த சங்கிலி முன் பற்சக்கரத்துக்கும் இயந்திர உறைக்கும் இடையே சிக்கி உறையை உடைக்கக்கூடும். பின்சக்கரத்தில் சுற்றிச் சக்கரத்தைப் பூட்டி வண்டியைக் கவிழ்க்கவும் கூடும். கவ்வி வகை இணைப்புக் கண்ணியைப் பொருத்தும்போது கவ்வியின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். மாறிப் பொருத்தினால் கவ்வி கழன்றுவிடலாம்.

இயந்திரத்தை ஓடவிட்டுக் கியரில் வைத்துச் சங்கிலியைத் துணியால் துடைப்பது மிகவும் ஆபத்தானது. துணியுடன் விரல்களும் பற்சக்கரத்துக்குள் இழுக்கப்பட்டுத் துண்டிக்கப்படும். ஓட்டுநருக்குப் பின்னால் அமர்பவரின் சேலை, துப்பட்டா போன்றவை சக்கரத்தில் சிக்காதிருக்க, பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டுமென மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இன் 123 ஆவது விதி கூறுகின்றது. சங்கிலிப் பணிக்காகக் கழற்றிய காப்பையும் உறையையும் மீண்டும் பொருத்துதல் இன்றியமையாதது.

ஆயுளை நீட்டித்தல்

மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் கொண்டு அழுக்கை நீக்கி, உலர்ந்தபின் உருளைகளின் உட்புறமாக மசகெண்ணெய் இட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். பல கையேடுகள் எஸ்ஏஇ 90 கியர் எண்ணெயைப் பரிந்துரைக்கின்றன. இயந்திரத்திலிருந்து வடித்த கழிவெண்ணெயில் உலோகத் துகள் கலந்திருப்பதால் அது ஏற்றதன்று. பெட்ரோல் ஓ வளையங்களைக் கெடுக்கும். சங்கிலியை மிகையாக இறுக்கினால் பல்லிணைப் பெட்டியின் தாங்கிகளும் பின்சக்கரத் தாங்கிகளும் பழுதாகும். தொய்வைச் சரிசெய்யும்போது அச்சின் இருபுறக் குறிகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும். குறிகள் மாறினால் சங்கிலி சாய்வாக ஓடி, பற்களின் பக்கவாட்டையும் கண்ணித் தகடுகளின் உட்புறத்தையும் தேய்க்கும்.

இவற்றையும் பார்க்கவும்

பற்சக்கரம்
மிதிவண்டி
மசகெண்ணெய்
புதுக்கோட்டை மாவட்டம்