பெயர் தொலைந்த முகங்கள்

1854இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரியின் கப்பல்களோடு ஜப்பானுக்கு வந்தவர்களில் எலிஃபலெட் பிரவுண் என்ற படப்பிடிப்பாளரும் ஒருவர். அவர் எடுத்தவை டாகெரோ முறைப் படங்கள். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் முகம் நேரடியாகப் பதியும், நெகட்டிவ் கிடையாது. தகட்டை உரியவரிடம் கொடுத்துவிட்டால் எடுத்தவரிடம் எதுவும் மிஞ்சாது. அப்படி ஜப்பானிலேயே தங்கிவிட்ட சில தகடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இருப்பவர் தனாகா மித்சுயோஷி என்ற அதிகாரி. அவர் பெயர் நமக்குத் தெரியும்.

1863இல் ஃபெலிஸ் பியாட்டோ யோகோஹாமாவுக்கு வந்தார். 1857 எழுச்சிக்குப் பிந்திய லக்னோவின் இடிபாடுகளையும், 1860இல் சீனாவில் நடந்த அபினிப் போரையும் படமெடுத்தவர் அவர். அதற்குள் தொழில்நுட்பம் மாறியிருந்தது. கண்ணாடி நெகட்டிவிலிருந்து ஒரே முகத்தை எத்தனை தாள்களிலும் அச்சிடலாம். உட்கார்ந்தவர் சில நொடிகள் அசையாதிருந்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவருடைய முகம் கடையிலேயே தங்கிவிடும். ஜப்பானிய ஓவியர்கள் ஒவ்வொரு படத்திற்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். வெளிநாட்டு வணிகர்களும் பயணிகளும் வாங்கிச் சென்றார்கள். விற்பனைக்கு வந்த ஆல்பங்களில் பலருக்குத் தொழிலே அடையாளமாயிற்று.

தன் முகத்தை மீட்டுக்கொள்ள அதிகாரம் வேண்டியிருந்தது. 1872இல் ஆஸ்திரியரான ஸ்டில்ஃபிரீட், யோகோசுகாவில் மெய்ஜி பேரரசரை மறைந்திருந்து படமெடுத்தார். அரசு தலையிட்டு அந்தப் படத்தின் விற்பனையைத் தடுத்தது. அதே ஆண்டில் உச்சிதா குய்ச்சி என்ற ஜப்பானியரைக் கொண்டு பேரரசரின் அதிகாரபூர்வப் படத்தை எடுக்கச் செய்தது. சாதாரண மனிதருக்கு இந்த வழி இருக்கவில்லை.

1876இல் சாமுராய்கள் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. ஆனால் வாங்குவோருக்குச் சாமுராய் தேவைப்பட்டார். ஆகவே கவசம் மாட்டிய மாதிரிகள் ஸ்டூடியோக்களில் நின்றார்கள். இதை வெளிநாட்டவர் மட்டும் செய்யவில்லை. பியாட்டோவிடம் வண்ணம் தீட்டிய குசகாபே கிம்பேய், பிற்பாடு சொந்த ஸ்டூடியோ தொடங்கி அதே சந்தைக்கு அதே வகைப் படங்களை விற்றார்.

அந்தப் படங்களை இன்று அருங்காட்சியகங்களில் பார்க்கிறோம். கிமோனோவின் வண்ணம் மங்கவில்லை. எடுத்தவரின் பெயர் கீழே இருக்கிறது. எதிரே அமர்ந்து நம்மைப் பார்க்கும் பெண்ணின் பெயரைத்தான் யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.